பட்டர்மியர் சுற்று: வசந்தத்தில் ஒரு முழுநாள் மலைநடை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவில் இருக்கிறது லேக் டிஸ்ட்ரிக்ட். அங்கே பட்டர்மியர் என்ற சிற்றூரில் கிளம்பி, ரெட் பைக், ஹை ஸ்டைல், ஹை கிராக், ஹேஸ்டாக்ஸ் ஆகிய நான்கு உச்சிகளையும் தொட்டு, ஏரிக்கரை வழியாகக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் நடை இது. வேலைக்கும் படிப்புக்கும் பிரிட்டன் வந்திருக்கும் நம்மவர்கள், ஈஸ்டர் நெருங்கினால் இதைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

மொத்தம் எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் ஆகும்?

சுமார் 14 கிலோமீட்டர். ஏறுவதை எல்லாம் கூட்டினால் 1,000 மீட்டருக்கு மேல் வரும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு ஒன்றை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் இந்தச் சுற்றுக்கு நாலரை மணி நேரம் வருகிறது. ஆனால் அது நிற்காமல், உட்காராமல், நல்ல பாதையில் நடப்பவரின் கணக்கு. கற்கள் உருளும் சரிவுகள், சாப்பாடு, போட்டோ, மூச்சு வாங்க நிற்பது எல்லாம் சேர்ந்தால் ஏழு முதல் எட்டு மணி நேரம்.

அதற்கு மேலும் ஒரு மணி நேரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஹேஸ்டாக்ஸுக்கு. நான்கு உச்சிகளில் அதுதான் குள்ளம், வெறும் 597 மீட்டர். ஆனால் நான்கிலும் அழகு அதுதான். வழியில் கடைசியாக வருவதால், பலரும் காலும் மனமும் ஓய்ந்த நிலையில் அதை ஓட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். நாள் முழுவதையும் அந்த ஒரு மணி நேரத்தை மனதில் வைத்துத் திட்டமிட வேண்டும் என்பதே என் கட்சி. கீழே வரும் பதில்களில் பாதி அதைச் சுற்றியேதான் வரும்.

கொடைக்கானலே 2,100 மீட்டர். இங்கே மிக உயரமான ஹை ஸ்டைல் 807 மீட்டர்தான். இதற்கு எதற்கு இவ்வளவு முஸ்தீபு?

கொடைக்கானலுக்குப் பஸ் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. இங்கே ஊரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 110 மீட்டரில்தான் இருக்கிறது. மிச்சம் எல்லாம் நம் முழங்கால் கணக்கு. அதிலும் முதல் உச்சியான ரெட் பைக் 755 மீட்டர், அதை ஒரே மூச்சில் ஏறியாக வேண்டும்.

இன்னொன்று, இது ஐம்பத்து நான்கரை டிகிரி வட அட்சம். முகட்டில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஐரிஷ் கடலிலிருந்து வரும் காற்று நேராக நம் மேல்தான் மோதும். 100 மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குளிர் கூடும். ஊரில் 12 டிகிரி இருந்தால் மேலே 7 அல்லது 8. காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு உறைபனி நாள் மாதிரி இருக்கும். மீட்டரைப் பார்த்து மலையை எடை போடாதீர்கள்.

வசந்தம் என்றால் எந்த மாதம்?

ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதி வரை. இதைவிட நல்ல காலம் கிடையாது என்பேன்.

முதல் காரணம் வெளிச்சம். ஏப்ரல் கடைசியில் காலை 6 மணிக்கு முன்பே விடிந்து, இரவு எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். மே நடுவில் ஒன்பது தாண்டியும் கண் தெரியும். இரண்டாவது மழை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருக்கும் சீத்வெயிட், ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இடம். இங்கிலாந்தில் மனிதர் வசிக்கும் இடங்களில் அதிக ஈரமானது என்று பெயர் வாங்கியது. அந்தப் பக்கத்திலேயே, ஆண்டில் மழை குறைந்த பருவம் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான். மூன்றாவது, கோடையில் சரிவுகளை மூடிக்கொள்ளும் பிராக்கன் பெரணி அப்போது எழும்பியிருக்காது. போன வருஷத்துச் செம்பழுப்புச் சருகுக்கு நடுவே புதுக் குருத்து சுருண்டு நிற்கும், பாதை தெளிவாகத் தெரியும். உண்ணிக்கு மட்டும் வசந்தத்திலேயே உயிர் வந்துவிடும். லைம் நோய் அதனால் வருவது. ராத்திரி குளிக்கும்போது முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில் போகலாமா என்றால், பனி இல்லாத வருஷத்தில் அனுபவசாலிகள் போகலாம். ஏறும் பக்கம் வடகிழக்கைப் பார்த்தது, வெயில் குறைவு. கீழே டாஃபோடில் பூத்திருக்கும்போதே மேலே ஓடைப் பிளவுகளில் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடக்கும். அதற்குப் பனிக்கோடரியும் கிராம்பானும் (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முட்கள்), அவற்றைக் கையாளும் பழக்கமும் வேண்டும். அவை இல்லாதவர்கள் ஏரியைச் சுற்றிவிட்டு வருவதே சரி.

எந்தத் திசையில் சுற்றுவது?

இடஞ்சுழியாக. அதாவது ரெட் பைக் முதலில், ஹேஸ்டாக்ஸ் கடைசியில், பட்டர்மியர் ஏரி எப்போதும் இடது கைப்பக்கம்.

ரெட் பைக்கின் கடைசி ஏற்றம் சிவப்புச் சரளை. ஏறும்போது அது மூச்சைத்தான் எடுக்கும். இறங்கும்போது காலை வாரும். மாலையில் களைத்த காலோடு அதில் இறங்குவது எனக்குச் சம்மதமில்லை. இந்தத் திசையில் போனால் மிகக் கடினமான ஏற்றம் காலையிலேயே முடிந்துவிடுகிறது. முகட்டில் நடக்கும்போது கிரேட் கேபிள், பில்லர் போன்ற பெரிய மலைகள் கண்ணெதிரே நெருங்கி வருகின்றன.

வழியைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியுமா?

ஊரிலிருந்து ஏரியின் கால்பக்கம், அதாவது தண்ணீர் வெளியேறும் முனைக்கு, போகும் மண்பாதையைப் பிடியுங்கள். சின்னப் பாலம் தாண்டியதும் பர்ட்னஸ் காடு. ஏப்ரல் கடைசியில் இங்கே லார்ச் மரங்கள் துளிர்விட்டிருக்கும். அந்த இளம்பச்சை இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும், அப்புறம் கறுத்துவிடும். காட்டுக்குள் கல் பாவிய படிப்பாதை சாய்வாக ஏறுகிறது. லட்சக்கணக்கான கால்கள் பட்டு மண் அரித்துப் போகாமலிருக்க, மலைக்கல்லை ஒவ்வொன்றாகக் கையால் பதித்த பாதை. ஃபிக்ஸ் த ஃபெல்ஸ் என்ற கூட்டு முயற்சியில் தன்னார்வலர்களும் சேர்ந்து இப்படிப்பட்ட பாதைகளை இன்றும் பராமரிக்கிறார்கள். படியை விட்டுப் பக்கத்துப் புல்லில் நடப்பது காலுக்குச் சுகம்தான். அந்தச் சுகத்தால்தான் மலை அரிக்கிறது. தயவுசெய்து படியிலேயே நடங்கள்.

காடு முடிந்து, சவர் மில்க் கில் என்ற ஓடைச் சத்தத்தோடு ஏறினால் பிளீபெரி டார்ன். பனியாறு தோண்டிவிட்டுப் போன கிண்ணத்தில் தேங்கிய மலைக்குளம், மூன்று பக்கமும் செங்குத்துச் சரிவு. இதுவரை ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். இங்கே உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள், அடுத்தது செம்மண் சரளை. பாறையின் பெயர் கிரானோஃபயர். அதன் இளஞ்சிவப்புத்தான் ரெட் பைக்குக்கே அந்த நிறத்தைக் கொடுக்கிறது. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும். அவசரப்படாமல் போங்கள், முன்னால் போகிறவரின் நேர் கீழே நிற்காதீர்கள்.

உச்சியில் ஏறி நின்றால், வானம் தெளிவாக இருக்கிற நாளில் ஐந்து ஏரிகள் தெரியும்: பட்டர்மியர், கிரம்மக் வாட்டர், லோஸ்வாட்டர், என்னர்டேல் வாட்டர், தூரத்தில் டெர்வென்ட்வாட்டர். பட்டர்மியரும் கிரம்மக்கும் ஒரு காலத்தில் ஒரே ஏரி. மலையோடைகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நடுவில் சேர்ந்து இரண்டாகப் பிரித்துவிட்டது. ஊரும் வயல்களும் இருப்பது அந்த வண்டலின் மேல்தான். மேலேயிருந்து பார்க்கும்போது அது பாடப்புத்தகப் படம் மாதிரி பளிச்சென்று புரியும்.

அங்கிருந்து ஹை ஸ்டைல், அப்புறம் ஹை கிராக் (744 மீட்டர்) வரை முகட்டு நடை. இரண்டு உச்சிக்கும் நடுவே இறக்கம் பெரிதாக இல்லை. இடது பக்கம் பாறை வெட்டிவிட்டாற்போல் இறங்குகிறது. வலது பக்கம் என்னர்டேல் பள்ளத்தாக்கு. ஹை கிராக்கிலிருந்து ஸ்கார்த் கேப் கணவாய்க்கு இறங்கும் சரிவுதான் முழங்காலைச் சோதிப்பது. கைத்தடி வைத்திருப்பவர்கள் அங்கே நன்றி சொல்வார்கள்.

கணவாயிலிருந்து ஹேஸ்டாக்ஸ் சுமார் 150 மீட்டர் ஏற்றம். சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும், பயப்படும்படியாக ஒன்றுமில்லை. பாறை இப்போது சாம்பல் நிறம், பழைய எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகியது. மேலே வந்ததும் மலையின் குணமே மாறிவிடுகிறது. அதுவரை நீண்ட, மொட்டையான முகடு. இங்கே சின்னச் சின்னப் பாறை முடிச்சுகள், நடுவில் பள்ளங்கள், ஹெதர் புதர், கரிய சதுப்பு, எதிர்பாராத இடத்தில் ஒரு குட்டை. பாதை வளைந்து வளைந்து போகும், ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு காட்சி. இன்னாமினேட் டார்ன் கரைக்கு வந்ததும் பையை இறக்கி வையுங்கள். காற்று ஓய்ந்தால் கிரேட் கேபிள் (899 மீட்டர்) தலைகீழாகத் தண்ணீரில் கிடக்கும். நான் சொன்ன அந்த ஒரு மணி நேரம் இதற்குத்தான்.

பிறகு பிளாக்பெக் டார்னைத் தாண்டி, பழைய ஸ்லேட் சுரங்கப் பாதை வழியாக வார்ன்ஸ்கேல் பள்ளத்தில் இறங்கி, கேட்ஸ்கார்த் பண்ணை. அங்கிருந்து கொஞ்சம் சாலை, பிறகு வடகிழக்குக் கரையோடு ஊர் வரை. எதிர்க்கரையில், காலையிலிருந்து நடந்த முகடு முழுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரியும்.

நேரம் போதவில்லை என்றால் எதை விடுவது?

இதை மலையில் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஏனென்றால் ரெட் பைக்குக்கும் ஸ்கார்த் கேப்புக்கும் நடுவே ஏரிப் பக்கம் இறங்கப் பத்திரமான வழி கிடையாது. பார்த்தால் இருப்பது போலத் தோன்றும், கீழே பாறை முகம் காத்திருக்கும். ரெட் பைக்கில் மனது சரியில்லை என்றால் வந்த வழியே திரும்புங்கள். ஸ்கார்த் கேப்பில் என்றால் இடது பக்கம் கேட்ஸ்கார்த்துக்கு நல்ல பாதை இறங்குகிறது, ஒரு மணி நேரத்துக்குள் சாலை.

என் ஆலோசனை: காலை 10 மணிக்கு மேல்தான் கிளம்ப முடியும் என்றால், மெதுவாக நடப்பவர்கள் முகட்டையே விட்டுவிட்டு ஹேஸ்டாக்ஸை மட்டும் ஏறுங்கள். மூன்று பெரிய உச்சிகளை எண்ணிக்கைக்காகத் தொட்டுவிட்டு, கடைசி உச்சியை வெளிச்சம் போய்விடுமே என்ற கவலையோடு கடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மேலே மேகம் மூடிக்கொண்டால்?

முகட்டின் பெரும்பகுதியில் பழைய வேலிக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. கண் மறைக்கும் மேகத்தில் அவை பெரிய துணை. ஆனால் அவற்றை மட்டும் நம்பி ஏறக்கூடாது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல்4 என்ற 1:25,000 வரைபடத்தை வாங்குங்கள், திசைகாட்டியும் வேண்டும், இரண்டையும் பார்க்கத் தெரிந்தவர் குழுவில் ஒருவராவது வேண்டும். மொபைலில் வரைபடம் இருப்பது நல்லதுதான். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மழையில் தொடுதிரை விரலுக்குப் பணியாது.

ஹேஸ்டாக்ஸ் அழகாக இருப்பதற்கு என்ன காரணமோ, மேகத்தில் அது ஆளைக் குழப்புவதற்கும் அதுவேதான் காரணம். வடக்கு விளிம்பு முழுக்கச் செங்குத்துப் பாறை. வழி தெரியவில்லை என்றால் நின்று, வரைபடத்தை எடுங்கள். முந்தின நாள் பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மலை வானிலை அறிக்கையைப் பார்த்து, மேகத்தின் அடிமட்டமும் முகட்டில் காற்றின் வேகமும் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். ஊர் வானிலை இதற்கு உதவாது.

ஆட்டுக்குட்டிகள் பாதையில் நிற்கின்றனவே, கிட்டப் போகலாமா?

வேண்டாம். இந்த மலைகளின் ஆடு ஹெர்ட்விக். குட்டி பிறக்கும்போது கறுப்பாக இருக்கும், காது ஓரத்தில் மட்டும் ஒரு கோடு வெள்ளை. வயது ஏற ஏற உடம்பு பழுப்பாகி, பிறகு சாம்பலாகும், முகம் வெளுத்துவிடும். அதனால் மே மாதத்தில் வெளிர்முகத் தாயும் கரிக்கட்டைக் குட்டியும் சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம்.

மலையில் வேலி குறைவு. எந்த மந்தை எந்தச் சரிவில் மேய வேண்டும் என்பதைத் தாயோடு திரிந்தே குட்டி கற்றுக்கொள்கிறது. அந்த அறிவு ஆட்டுத் தலைமுறை வழியாக வருவது. தாயையும் குட்டியையும் பிரிக்கிற மாதிரி நடுவில் நடப்பதோ, தனியாக நிற்கும் குட்டியைத் தூக்குவதோ அந்த விவசாயியின் ஒரு வருஷ உழைப்பில் கை வைப்பது. சுற்றிக்கொண்டு போங்கள். நாய் இருந்தால் கயிற்றில் இருக்கட்டும். திறந்த கேட்டை எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள். ஏரிக்கரைக் கூழாங்கல்லில் உள்ளான் பறவைகள் கூடு வைக்கும் காலமும் இதுதான். பாதையை மாற்றச் சொல்லி அறிவிப்பு இருந்தால் மதியுங்கள்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது?

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயாது. பிடிமானமுள்ள பூட்ஸ், மழைக்கோட்டு, மழைக்கால்சட்டை, கூடுதலாக ஒரு கம்பளி மேற்சட்டை, குல்லாய், கையுறை. மே மாதத்தில் கையுறையா என்று சிரிப்பவர்கள் ஹை ஸ்டைலில் கையைக் கட்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். தலையில் கட்டும் டார்ச், விசில், முதலுதவிப் பொருட்கள்.

சாப்பாட்டுக்கு நம் புளியோதரைக்கு இணை இல்லை. கெடாது, ஆறினாலும் ருசி, உப்பும் இருக்கிறது. சப்பாத்தி ரோலும் சரி. தயிர்சாதம் பையில் ஆடி ஒழுகும். பேரீச்சை, கடலைமிட்டாய், பிளாஸ்கில் இஞ்சி டீ. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஓடைத்தண்ணீர் பளிங்காக இருந்தாலும் மேலே ஆடு மேய்கிறது, வடிகட்டாமலோ காய்ச்சாமலோ குடிக்காதீர்கள்.

ஏரியில் இறங்கிக் குளிக்கலாமா?

வசந்தத்தில் வேண்டாம். வெயில் அடித்தாலும் தண்ணீர் குளிர்காலத்துக் குளிரிலேயே இருக்கும். திடீரென்று இறங்கினால் மூச்சு இழுத்துக்கொள்ளும், நல்ல நீச்சல்காரரும் அந்த முதல் நிமிடத்தில்தான் மூழ்குவது. நாள் முடிவில் கரையில் உட்கார்ந்து பாதத்தை நனையுங்கள், போதும்.

லண்டனிலிருந்து எப்படிப் போவது?

யூஸ்டனில் ரயில் ஏறிப் பென்ரித், அங்கிருந்து பேருந்தில் கெஸ்விக். கெஸ்விக்கிலிருந்து பட்டர்மியருக்கு 77 எண் பேருந்து சீசனில் மட்டும் ஓடும், அட்டவணையை முதலிலேயே பாருங்கள். முதல் வண்டியில் வந்தாலும் முழுச் சுற்றுக்கு நேரம் இறுக்கம். முந்தின இரவே வந்து பட்டர்மியர் யூத் ஹாஸ்டலிலோ, பக்கத்துக் கூடார இடத்திலோ தங்குவது உத்தமம். காரில் வந்தால் நியூலண்ட்ஸ், ஹோனிஸ்டர் இரண்டு வழியும் குறுகலானவை, நாலுக்கு ஒன்று சாய்வு வரும். மே மாத விடுமுறைத் திங்கள்களில் நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும்.

அடிபட்டால் யாரைக் கூப்பிடுவது?

999 அல்லது 112. முதலில் போலீஸைக் கேட்டு, பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள், மீட்புக்குக் கட்டணம் கிடையாது. பள்ளத்தாக்கில் சிக்னல் மோசம். 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதி உண்டு, அதற்கு வீட்டிலிருந்தே 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பிப் பதிந்துவைக்க வேண்டும். பேச்சுக்குப் போதாத சிக்னலில் செய்தி போய்விடும். அதுவும் இல்லையென்றால் விசில்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடியும் ஆறு.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், சின்னக் குழந்தையும் இருக்கிறது. அவர்களுக்கு?

ஏரியைச் சுற்றும் பாதை சுமார் 7 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். ஹாஸ்னஸ் பக்கம் பாறையைக் குடைந்த குட்டிச் சுரங்கம் ஒன்று வரும், குழந்தைகள் அதில் நாலு தடவை போய்வருவார்கள். தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும், பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊரில் மேட்டின் மேல் செயின்ட் ஜேம்ஸ் தேவாலயம் இருக்கிறது, மிகச் சின்னது.

கதை கேட்கும் பெரியவர்களுக்கு மேரி ராபின்சன் கதையைச் சொல்லலாம். ஃபிஷ் இன் என்ற இவ்வூர் விடுதிக்காரரின் மகள். 1802-இல் ஒரு பிரபுவின் தம்பி என்று சொல்லிக்கொண்டு வந்தவன் அவளை மணந்தான். அவன் ஜான் ஹாட்ஃபீல்டு என்ற மோசடிக்காரன், ஏற்கெனவே கல்யாணமானவன். கையெழுத்து மோசடிக்காக 1803-இல் கார்லைலில் தூக்கிலிடப்பட்டான். மேரி பிறகு ஒரு விவசாயியை மணந்து நல்லபடியாக வாழ்ந்தார்.

ஹேஸ்டாக்ஸை மட்டும் ஏற வேண்டுமானால்?

கேட்ஸ்கார்த் பண்ணையில் கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது. ஸ்கார்த் கேப் வழியாக ஏறி, இன்னாமினேட் டார்ன், பிளாக்பெக் டார்ன் பார்த்து, வார்ன்ஸ்கேல் வழியாக இறங்கினால் ஏழெட்டுக் கிலோமீட்டர், நாலு முதல் ஐந்து மணி நேரம். நடந்து பழகிய பத்து வயதுப் பிள்ளைகளையும் கூட்டிப்போகலாம். உச்சிக்குக் கீழே கையை ஊன்றி ஏறும் இடத்தில் ஒரு பெரியவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் இருக்கட்டும்.